ரத்தத்தில் பிசிஆர் பார்த்தால் எல்லாப் புழுவும் தெரிந்துவிடுமா? (குடியாத்தம், வேலூர் பக்கம்)

குடியாத்தம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இடது கால் பாதத்திலிருந்து முழங்கால் வரை வீங்கி இருக்கிறது, பல வருஷமாக. மழைக்காலம் வந்தால் குளிர் காய்ச்சலோடு கால் சிவந்து கொதிக்கும், சில நாளில் அடங்கும், வீக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். யானைக்கால் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ராத்திரி ரத்தம் எடுத்து ஸ்லைடு பார்த்தபோது புழு இல்லை என்று வந்தது.

இப்போது ஒரு தனியார் ஆய்வகத்தில் புது சோதனை ஒன்று சொல்கிறார்கள். ரத்தத்தில் பிசிஆர் செய்து, யானைக்கால் புழு முதல் வயிற்றுப் பூச்சி வரை எல்லாவற்றையும் ஒரே குழாய் ரத்தத்தில் கண்டுபிடிப்பார்களாம். விலை பல ஆயிரம். வீட்டுப் பிள்ளைகள் ரத்தசோகையாக இருப்பதால் அவர்களுக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, அண்ணன் மகளுக்குப் போன வருஷம் வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் ஒரு சின்னக் கட்டி, நாடாப்புழுவால் வந்தது என்றார்கள். அவளுக்கும் இதே சோதனை போதும் என்கிறார்கள்.

எடுக்கலாமா? தறி ஓட்டுகிற குடும்பம், யோசித்துத்தான் செலவு செய்ய முடியும்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

கண்டிப்பாக எடுங்கள். கொரோனா காலத்தில் பார்த்தோமே, பிசிஆரை மிஞ்சிய சோதனை உண்டா? கண்ணால் ஸ்லைடு பார்ப்பவர் அசந்துபோய் விட்டுவிடலாம், இயந்திரம் விடாது. டிஎன்ஏ இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

---

காட்பாடி லேப் எழுதியது:

பாலாற்றங்கரை சொன்ன கடைசி வரியில்தான் சிக்கல். டிஎன்ஏ "எங்கே" இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் ஆய்வகத்தில் பிசிஆர் வேலை பார்ப்பவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிசிஆர் என்பது ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவது. முப்பது சுற்று ஓடினால் ஒரு துண்டு கணக்குப்படி நூறு கோடிக்கு மேல் போகும். அதனால் மிகக் கொஞ்சமாக இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் குழாய்க்குள் அந்தத் துண்டு ஒன்றாவது வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு புழுவும் உடம்பில் ஒவ்வொரு இடத்தில் குடியிருக்கிறது. கொக்கிப்புழு சிறுகுடல் சுவரைக் கடித்துக்கொண்டு இருக்கிறது, முட்டை மலத்தோடு போகிறது. அதன் டிஎன்ஏவை ரத்தத்தில் தேடுவது, வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று தெருமுனையில் நின்று பார்ப்பதுபோல. யாராவது வெளியே வந்தால் தெரியும், வராவிட்டால் வீடு காலி என்று சொல்லிவிட முடியாது.

யானைக்கால் புழு வேறு கதை. அதன் குஞ்சுகள் ரத்தத்திலேயே நீந்துகின்றன, அதனால் ரத்த பிசிஆர் அங்கே நன்றாக வேலை செய்யும். நத்தைக் காய்ச்சல் என்கிற சிஸ்டோசோமா ரத்தக் குழாய்க்குள்ளேயே வாழ்கிற புழு. அதற்கும் பொருந்தும். ஜெர்மனியில் 2009இல் ஒரு குழு, நோயாளிகளின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், மிதக்கிற சிஸ்டோசோமா டிஎன்ஏவைப் பிடித்துக் காட்டியது. அந்தப் புழுவின் மரபணுத் தொகுதியில் 121 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப லட்சக்கணக்கில் வருகிறது. அதைக் குறிவைத்ததால்தான் அவ்வளவு நுட்பமாகப் பிடிக்க முடிந்தது. ஒரே ஒரு தடவை வருகிற மரபணுவைத் தேடியிருந்தால் பிடிப்பது கடினமாக இருந்திருக்கும்.

அதனால் "எல்லாப் புழுவும் ஒரே ரத்தக் குழாயில்" என்று சொன்னால், எந்தப் புழுவின் எந்தத் துண்டைத் தேடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

---

ராத்திரி ஸ்லைடு எழுதியது:

தம்பி குடியாத்தம்காரன், நான் மலேரியா, யானைக்கால் பிரிவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க ராத்திரி ரத்தம் எடுக்கப் போயிருக்கிறேன். பெரியம்மா விஷயத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன்.

நம் பக்கம் யானைக்காலை உண்டாக்குவது ஊச்செரீரியா பான்கிராப்டி. சாக்கடைத் தண்ணீரில் வளர்கிற கியூலெக்ஸ் கொசு கொண்டுவருவது. தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் இருக்கும். குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிவிட்டு, ராத்திரி கொசு கடிக்கிற நேரத்தில் தோலுக்கு அருகே வரும். அதனால்தான் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் ரத்தம் எடுக்கிறோம். டார்ச் வெளிச்சத்தில் விரல் நுனியைக் குத்தி, ஸ்லைடில் மூன்று கோடாக ரத்தம் இழுப்போம், ஒரு கோட்டுக்கு இருபது கன மில்லிமீட்டர், மொத்தம் அறுபது. காயவிட்டு, மறுநாள் தண்ணீரில் நனைத்தால் சிவப்பு கரைந்து போகும், அப்புறம் சாயம் ஏற்றுவது. உருப்பெருக்கியில் புழுக்குஞ்சு உறையோடு, நூல் துண்டு வளைந்து கிடக்கிற மாதிரி தெரியும். உறைக்குள் வால் நுனி வரை உட்கரு இல்லை என்றால் பான்கிராப்டி. நுனி வரை இருந்தால் புரூகியா மலாயி, அது கேரளத்தில் சேர்த்தலை பக்கம் இருந்தது.

அறுபது கன மில்லிமீட்டரில் குஞ்சு இல்லை என்பதால் உடம்பிலேயே இல்லை என்று ஆகாது. இது ஸ்லைடின் குறை, பாலாற்றங்கரை சொல்வதில் அவ்வளவு தூரம் நியாயம் உண்டு. ஆனால் குஞ்சின் டிஎன்ஏவைத் தேடுகிற பிசிஆருக்கும் ராத்திரி ரத்தம்தான் நல்லது. காலையில் பத்து மணிக்கு ஆய்வகம் திறந்ததும் எடுக்கிற ரத்தத்தில் பிசிஆர் செய்தால், ஸ்லைடுக்கு வந்த அதே முட்டுக்கட்டை அதற்கும் வரும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுப்பீர்கள் என்று அந்த ஆய்வகத்தில் கேட்டீர்களா?

பகலிலேயே பார்க்க வேண்டுமென்றால் அட்டைச் சோதனை இருக்கிறது. தாய்ப்புழு சுரக்கிற ஆன்டிஜென் என்கிற பொருளைப் பிடிக்கும் எஃப்டிஎஸ் என்கிற பட்டை. விரல் ரத்தம் 75 மைக்ரோலிட்டர், பத்து நிமிஷத்தில் படிக்க வேண்டும், நேரம் தாண்டிப் படித்தால் பொய்க்கோடு வந்துவிடும். ராத்திரி விழிக்க வேண்டாம்.

---

குடியாத்தம்காரன் எழுதியது:

ஐயா, நேரம் கேட்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். அப்படியென்றால் பெரியம்மாவுக்கு அட்டைச் சோதனை எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமா?

---

ராத்திரி ஸ்லைடு எழுதியது:

அதையும் சொல்லிவிடுகிறேன். கால் நன்றாக வீங்கி வருஷக்கணக்கான பிறகு பலருக்கு ரத்தத்தில் குஞ்சும் இருக்காது, ஆன்டிஜெனும் இருக்காது. தாய்ப்புழு செத்துப்போயிருக்கும். அது கெடுத்துவிட்டுப் போன நிணநீர்க் குழாய் மட்டும் மிச்சம். ஸ்லைடு இல்லை என்கும், அட்டை இல்லை என்கும், பிசிஆரும் இல்லை என்கும். மூன்றுமே சரியாகச் சொல்லியிருக்கும், கால் மட்டும் வீங்கியே இருக்கும். நேர்மாறாக, ரத்தம் முழுக்கக் குஞ்சோடு இருக்கிற ஆளுக்குக் கால் சாதாரணமாக இருக்கும். வீடு வீடாகப் போனபோது இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நோயைப் பரப்புவது பெரும்பாலும் இரண்டாவது ஆள்தான்.

ஆகவே பெரியம்மாவுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டியது காலுக்கு. தினமும் இரண்டு வேளை சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம். விரல் இடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். அந்த இடுக்கில் சேற்றுப்புண் வந்து தோல் வெடிக்கிறதல்லவா, அந்த வழியாகத்தான் கிருமி புகுந்து காய்ச்சல் வருகிறது. நீங்கள் சொன்ன மழைக்காலக் காய்ச்சல் அதுதான். டாக்டரிடம் கேட்டுப் பூஞ்சைக் களிம்பு வாங்கிப் பூசுங்கள். காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாட்டிக் உடனே வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். உட்காரும்போது காலை முக்காலியில் தூக்கி வையுங்கள், கணுக்காலைச் சுற்றிச் சுற்றி அசைக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், யானைக்கால் நோயாளிகளுக்குத் தொட்டி, மக், சோப்பு, களிம்பு அடங்கிய பை இலவசமாகத் தருவது வழக்கம். இந்தக் கவனிப்பை ஒழுங்காகச் செய்த வீடுகளில் காய்ச்சல் குறைந்ததை நேரில் பார்த்தவன் நான்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

ஐயா, மறுக்கவில்லை. ஆனால் பிசிஆர் இவ்வளவு பயனில்லாதது என்றால் ஆராய்ச்சியாளர்கள் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

---

காட்பாடி லேப் எழுதியது:

பயனில்லாதது என்று யாரும் சொல்லவில்லையே! எந்த இடத்தில் பயன் என்பதுதான் பேச்சு. அதன் முழு பலமும் ஒரு தனி ஆளின் காலில் தெரியாது, ஊர் முழுக்கப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஒரு ஊரில் வருஷக்கணக்கில் டிஇசி, அல்பெண்டசோல் என்கிற புழு மாத்திரைகள் கொடுத்தாயிற்று. நோய் உண்மையிலேயே போய்விட்டதா என்று அறிய, அதன் பிறகு பிறந்து வளர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். அவர்களுக்கு ஆன்டிஜென் இல்லையென்றால் புதிதாகப் பரவவில்லை என்று பொருள். இன்னொரு வழி, கொசுவைப் பிடிப்பது. பிடித்த கியூலெக்ஸ் கொசுக்களை இருபது, இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து பிசிஆர் ஓட்டினால், அந்தத் தெருவில் யாருடைய ரத்தத்திலாவது குஞ்சு இருந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருவர் விரலையும் குத்த வேண்டாம். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்த வேலையில் பெரிய பெயர். ஒவ்வொரு கொசுவையும் அறுத்து உருப்பெருக்கியில் பார்த்த காலத்தை நினைத்துப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய மாற்றம்! நோய் அருகிப் போன பிறகு கடைசி மிச்சத்தைத் தேடும்போது, ஸ்லைடு தோற்கிற இடத்தில் பிசிஆர் நிற்கும். அதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

---

சத்துவாச்சாரி செல்வி எழுதியது:

வலிப்பு வந்த குழந்தை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கும் அதேதான். பள்ளியிலிருந்து வந்தவன் வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்க விழுந்தான். ஸ்கேனில் ஒரு சின்ன வளையம். "நாங்கள் சைவம், பன்றி இறைச்சி வீட்டுப் பக்கமே வராது" என்று நான் அழுதேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். பன்றி இறைச்சி தின்றவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் கட்டி வருவது அந்த நாடாப்புழுவின் முட்டை வாய்வழியே போனால். குடலில் புழு உள்ள ஒருவர் கை கழுவாமல் சமைத்தாலோ பரிமாறினாலோ போதும், சைவமும் அசைவமும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நோயைவிட அதிகமாக வலித்தது.

அவனுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. "கட்டி இருக்கிறது, ரத்தத்தில் இல்லை என்றால் என்ன அர்த்தம்" என்று குழம்பிப்போனோம். இதைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

காட்பாடி லேப் எழுதியது:

செல்வி அக்கா, உங்கள் கேள்விக்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

எண்பதுகள் வரை இந்தியாவில் வலிப்போடு வரும் இந்த ஒற்றைச் சின்னக் கட்டியைக் காசநோய்க் கட்டி என்றே நினைத்து, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில மாதத்தில் தானாகவே மறைந்துபோகும், மருந்தால் போயிற்று என்பார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் கட்டியை எடுத்துத் திசுவாகச் சோதித்து, பெரும்பாலானவை செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழு இளம்புழு என்று காட்டினார்கள். அப்புறம் மண்டையைத் திறக்காமலே கண்டறிய விதிகளும் வகுத்தார்கள். கட்டி ஒன்றே ஒன்று, இருபது மில்லிமீட்டருக்குள், மூளையை ஒரு பக்கமாகத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இல்லை, உடம்பில் வேறு நோய் அறிகுறி இல்லை என்பன போன்றவை. எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாத அறுவையிலிருந்தும் காசநோய் மருந்திலிருந்தும் தப்பியது இதனால்.

ரத்தத்துக்கு வருவோம். இதற்கு உலகம் முழுக்கப் பேர்பெற்ற சோதனை இஐடிபி, 1989இல் அமெரிக்காவில் உருவானது. புழுவின் புரதங்களுக்கு எதிராக நம் உடம்பு செய்த ஆன்டிபாடியைப் பட்டையில் காட்டுவது. இரண்டும் அதற்கு மேலும் கட்டி இருந்தால் ஏறக்குறைய எல்லோரையும் பிடித்துவிடும். ஒற்றைக் கட்டி என்றால் நிறையத் தவறவிடும். நம் நாட்டில் அதிகம் வருவதோ ஒற்றைக் கட்டி. அதனால்தான் உங்கள் மகனுக்கு இல்லை என்று வந்திருக்கலாம்.

பிசிஆரிலும் அதே நிலைமைதான். மூளையைச் சுற்றியுள்ள நீரில் திராட்சைக் குலைபோல் புழு வளர்கிற கடுமையான வகையில், தண்டுவட நீரிலும் பிளாஸ்மாவிலும் புழு டிஎன்ஏ கிடைக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க அது நல்ல கருவி. மூளைத் திசுவுக்குள் புதைந்து, ஓடு கட்டி, செத்துக்கொண்டிருக்கும் ஒற்றைக் கட்டியிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேருவது மிகக் குறைவு. வந்ததையும் உடம்பு சீக்கிரம் அப்புறப்படுத்திவிடும். குடியாத்தம்காரன், உங்கள் அண்ணன் மகளுக்கு ஸ்கேன்தான் சோதனை. திரும்ப எப்போது எடுக்க வேண்டும் என்பதை அவளைப் பார்க்கிற நரம்பு மருத்துவர் சொல்வார். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பூச்சி மாத்திரை என்று அல்பெண்டசோலை நீங்களாக வாங்கியும் கொடுக்க வேண்டாம். மூளையில் புழு ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடி வலிப்பு வரலாம், அதனால்தான் கூடவே ஸ்டீராய்டும் கொடுப்பார்கள்.

---

திமிரி வாசகன் எழுதியது:

பிள்ளைகள் ரத்தசோகை பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் சிஎம்சி பெரிய ஆய்வு ஒன்று நடத்தியது, டீவார்ம்3 என்று பெயர். இங்கே, ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி என்று மூன்று நாட்டில் ஒரே சமயம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதா, ஊரில் எல்லா வயதினருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுப்பதா, எதில் புழு பரவுவது நிற்கும் என்று பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அவர்கள் கேட்டது ரத்தம் இல்லை, மலம். பிசிஆர் செய்தார்கள், மலத்தில் செய்தார்கள். இங்கே அதிகம் இருப்பது கொக்கிப்புழு என்றார்கள்.

---

காட்பாடி லேப் எழுதியது:

திமிரி வாசகனுக்கு நன்றி, நான் சொல்ல வந்ததே இதுதான். மலத்தில் பிசிஆர் என்றால் நானே கை தூக்குவேன். ஸ்லைடு முறையில் மலத்தை அழுத்திக் கிளிசரினில் தெளியவைத்துப் பார்ப்பார்கள். கொக்கிப்புழு முட்டை ஓடு மெல்லியது, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கரைந்து மறைந்துவிடும். பிசிஆருக்கு அந்த அவசரம் இல்லை.

கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும். ஆன்கிலோஸ்டோமா வகை ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.2 மில்லி, நெகேட்டர் வகை சுமார் 0.03 மில்லி. நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபினும் மலப் பரிசோதனையும் போதும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற அல்பெண்டசோலைத் தவறவிடாதீர்கள். ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரை கொடுக்கிறார்கள், இலவசம். ரத்த பிசிஆர் இவர்களுக்கு வீண் செலவு.

---

வார்டு நர்ஸ் எழுதியது:

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு இருக்கிறது. மற்றவைபோல வெளியே போய் வராமல் உடம்புக்குள்ளேயே பெருகும், பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இது திடீரென்று உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். மலத்தில் ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. ரத்தத்தில் ஆன்டிபாடி சோதனை இங்கே உண்மையில் உதவும். மருந்தும் வேறு, ஐவர்மெக்டின். வீட்டில் யாருக்காவது ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்கிற வெள்ளையணு அதிகம் என்று வந்து, ஸ்டீராய்டு தொடங்கப்போகிறார்கள் என்றால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். வெறுங்காலோடு வயலில் வேலை செய்தவர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

---

ஆம்பூர் மகன் எழுதியது:

என் அப்பாவுக்கு இதே மாதிரி ஒரு தொகுப்புச் சோதனை வேறு ஊரில் எடுத்தோம், பெயர் வேண்டாம். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று ஒரே வரி. எந்தெந்தப் புழு தேடினார்கள், எவ்வளவு ரத்தம், எதுவும் இல்லை. போன் செய்தால் மாதிரியை வேறு மாநிலத்துக்கு அனுப்பினோம் என்றார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று லேப் அக்கா எழுதினால் நல்லது.

---

காட்பாடி லேப் எழுதியது:

தேடிய புழுக்களின் பெயர் அறிக்கையில் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். முழு ரத்தமா பிளாஸ்மாவா, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று இருக்க வேண்டும். ரத்தம் ஊதா மூடி உள்ள ஈடிடிஏ குழாயில் எடுத்ததா என்று பாருங்கள். பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும், அது பிசிஆரையே தடுக்கும். ரத்தத்தின் சிவப்பு நிறமியும் தடுக்கும், அதனால் உள்கட்டுப்பாடு என்று ஒன்றைச் சேர்த்து ஓட்டுவார்கள். வேண்டுமென்றே கலந்த வேறொரு டிஎன்ஏ அது. அது பெருகியிருந்தால்தான் "இல்லை" என்பதை நம்பலாம். அது பெருகாமல் புழுவும் இல்லை என்றால் சோதனையே ஓடவில்லை என்று பொருள். உள்கட்டுப்பாடு தேறியதா என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். நோயாளியின் குடும்பத்துக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

---

குடியாத்தம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஆய்வகத்துக்குப் போன் செய்து புழுக்களின் பட்டியல் கேட்டேன். அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. சோதனை வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகளுக்கு மலப் பரிசோதனை, ஹீமோகுளோபின் இரண்டும் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கிறோம். அண்ணன் மகளை அடுத்த ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறோம்.

பெரியம்மாவின் விரல் இடுக்கைப் பார்த்தேன் ஐயா. மூன்று இடுக்கில் வெள்ளையாக ஊறித் தோல் உரிந்திருக்கிறது. இத்தனை நாள் யாரும் பிரித்துப் பார்த்ததே இல்லை. களிம்பு எத்தனை நாள் பூச வேண்டும்?

---

ராத்திரி ஸ்லைடு எழுதியது:

அதுதான் வாசல் தம்பி. ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகும் சில வாரம் விடாமல் பூசச் சொல்வார்கள், நாளையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஈரம் துடைக்காமல் களிம்பு பூசினால் பயனில்லை, முதலில் நன்றாகக் காயட்டும். ஓட்டைச் செருப்பு, இறுக்கமான ஷூ இரண்டும் வேண்டாம், பாதத்துக்கு அளவான செருப்பு வாங்கிக் கொடுங்கள்.